நீராவியால் வானேறிய ஹென்றி ஜிபார்

சீவகசிந்தாமணி கற்றார் சச்சந்த மன்னன் தன் தேவி விசயைக்கெனச் செய்வித்த மயிற்பொறியை மறவார். கருவுற்ற தேவி அதன்மேல் ஏறிப் பகைவர் கைப்படாது போந்து சுடுகாட்டில் இறங்கிய வரலாறு நம் இல்லங்களிற் பெண்டிரும் சிறாரும் அறிந்ததே. அப்பொறியை வலமும் இடமும் திரித்து எழுப்பவும் இறக்கவும் தேவி முன்னரே பழகியிருந்தாள் எனத் திருத்தக்கதேவர் கூறுவது ஈண்டுக் கருதத்தக்கது. வானில் எழுதல் ஒன்று. எழுந்த ஊர்தி நம் கைவசப்படுதல் மற்றொன்று. புலவர் இவ்விரண்டையும் வேறு பிரித்து உணர்ந்திருந்தனர் என்பது யாம் மகிழ்தற்குரியது. இதனைக் கொண்டே நம் முன்னோர் விமானம் கட்டிப் பறந்தனர் என்று மேடையேறி முழங்குவாரும் உளர். பாடுதல் வேறு, பண்ணுதல் வேறு என்பதை அன்னார் அறிதல் நலம்.

பண்ணியவர் வரலாறு வேறு தேசத்தது. 1783ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிரெஞ்சு தேசத்து அன்னோனே என்னும் ஊரில் மோங்கோல்பியர் சகோதரர் இருவர் வெப்பக்காற்று நிறைத்த பெரிய பை ஒன்றை வானில் ஏற்றினர். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் பாரிஸ் நகரில் மாந்தர் இருவர் அத்தகைய ஆகாயக்கூண்டில் ஏறிப் பறந்தனர். டிசம்பர் முதல் நாளே சார்லஸ் என்னும் பௌதிக ஆசிரியர் ஹைட்ரஜன் வாயு அடைத்த கூண்டில் எழுந்தார். ஓராண்டுக்குள் இத்தனையும் நடந்தன. ஆயின் அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கூண்டேறினார் யாவரும் காற்று இழுத்த வழியே போயினர். துடுப்புப் போட்டுப் பார்த்தனர். பாய் கட்டிப் பார்த்தனர். ஆற்றோடு மிதக்கும் ஓடத்துக்குத் துடுப்புப் பயன்படும். ஆறே ஓடமாயின் என் செய்வது? கூண்டு காற்றினுள் மூழ்கி அதனுடனே செல்வதாதலின் பாய்க்கு அங்கே வேலையில்லை. பாயைத் தள்ளும் காற்றை அதில் நிற்பவன் உணர்வதே இல்லை. ஆகவே தன் வலியால் காற்றை உதைத்துச் செல்லும் பொறி வேண்டும். அதனை முதன்முதல் வானில் ஏற்றியவரே இக்கட்டுரைக்குத் தலைவராகிய ஹென்றி ஜிபார்.

இவர் 1825ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். கல்விச்சாலையில் இவர் பெற்ற கல்வியினும் புகைவண்டியிடம் பெற்ற கல்வியே பெரிது. பாரிஸிலிருந்து சேன் ழெர்மேனுக்கு இருப்புப்பாதை போடப்பட்ட காலம் அது. பள்ளிச் சிறுவராகிய ஜிபார் எஞ்சின் வருவதைக் காண்பதற்கென்றே பாடத்தை விட்டு ஓடிப்போவாராம். பள்ளி முடிந்ததும் அந்த இருப்புப்பாதைக் கம்பெனியின் தொழிற்சாலையிலேயே வேலைக்கு அமர்ந்தார். கரியும் எண்ணெயும் கையிற் படிய, கொதிகலத்தையும் உருளையையும் தொட்டுத் தொட்டு அறிந்தார். நம்மவருள் மகன் கையில் எண்ணெய் படிந்தால் குடும்பத்தின் கௌரவம் குறைந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். வகுப்பில் நீராவியின் இலக்கணத்தை மூச்சுவிடாது ஒப்பிக்கும் மாணாக்கரை யான் ஆண்டுதோறும் காண்கிறேன். கொதிகலம் ஒன்றை அருகிற் சென்று கண்டவர் அவருள் ஒருவர் இருவரே.

இருபது வயது நிரம்புமுன்னரே ஜிபாருடைய எண்ணம் வானிற் சென்றது. இலேசான நீராவிப் பொறி செய்தலில் இவர் கைதேர்ந்தவர். 1851இல் ஆகாயப் பிரயாணத்துக்கு நீராவியைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கையிற் பொருளில்லை. தாவீத், ஸியாமா என்னும் இளம் பொறியியலார் இருவர் நட்புரிமையால் உடன் உழைத்தனர், பொருளும் உதவினர். மூவருமாகக் கட்டிய ஆகாயக்கப்பல் சுருட்டுப்போல் இரு முனையும் கூர்த்தது. நீளம் 144 அடி. நடுவில் விட்டம் 39 அடி. உள்ளடங்கிய வாயு ஏறத்தாழ 88,000 கன அடி. வீதி விளக்குகளுக்கு எரிக்கும் நிலக்கரி வாயுவே அதில் நிரப்பப்பட்டது. கீழே தொங்கிய மேடையில் பொறியும் கொதிகலமும் இருந்தன. இரண்டுங்கூடி ஏறத்தாழ 350 ராத்தல். அவை தந்த வலியோ மூன்று குதிரைச் சக்தி. அப்பொறி மூன்று இதழ் கொண்ட சுழலி ஒன்றைச் சுழற்றியது. பின்புறத்தே முக்கோணப் பாய் ஒன்று சுக்கானாக நின்றது.

இதிலுள்ள அபாயத்தை வாசகர் உடனே உணர்ந்திருப்பர். தலைக்குமேல் இருப்பது எரிவாயு. காலடியில் இருப்பது கனலும் அடுப்பு. ஒரு பொறி மேலே பறந்தாலும் முடிந்தது. ஜிபார் இதற்குச் செய்த உபாயம் அவருடைய மதிநுட்பத்தைக் காட்டும். மேடையை வாயுப்பைக்கு வெகு கீழே தொங்கவிட்டார். அடுப்பைச் சுற்றிலும் கம்பிவலையிட்டார். புகைபோக்கியை மேல்நோக்கி வையாது கீழ்நோக்கி வளைத்தார். பொறியில் வேலை செய்து கழிந்த நீராவியை அப்புகைபோக்கியிற் செலுத்தி, அதன் விசையால் புகை கீழே இழுக்கப்படுமாறு செய்தார். கழிந்த நீராவியால் அடுப்புக்குக் காற்று இழுப்பது புகைவண்டியிற் கற்ற வித்தை. அதனைத் தலைகீழாக்கியது இவர் வித்தை.

1852ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மாலை, பாரிஸ் ஹிப்போட்ரோம் என்னும் குதிரை விளையாட்டரங்கினின்று இவர் தனியே எழுந்தார். அன்று காற்று வலிதாய் வீசியது. சுழலி தந்த வேகமோ மணிக்கு ஆறு மைல் அளவே. காற்றை எதிர்த்துப் புறப்பட்ட இடத்துக்கு மீளுதல் இயலாதென்று அவர் முன்னரே அறிவார். ஆயினும் கப்பலைப் பக்கமாகத் திருப்பினார், வட்டமிட்டார், சுக்கானின் சொற்படி அது நடந்தது. இருள் வரக்கண்டு அடுப்பில் மணலைக் கொட்டி நெருப்பை அவித்து, நீராவியைத் திறந்துவிட்டு, டிராப் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள எலான்கூரில் நலமே இறங்கினார். கடந்த தூரம் ஏறத்தாழ 17 மைல்.

இதனைத் தோல்வி என்பார் அன்றும் இருந்தனர், பின்னும் இருந்தனர். புறப்பட்ட இடத்துக்கு மீளவில்லையே என்பது அவர் வாதம். அவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. கேள்வி இரண்டு. காற்றைவிட இலேசான பையைப் பொறியால் திருப்பமுடியுமா என்பது ஒன்று; வீசும் காற்றை வெல்லத்தக்க வலியுடைய பொறியை அப்பை சுமக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஜிபார் அன்றே விடை கண்டார். இரண்டாவதற்கு விடை நீராவியில் இல்லை. ஒரு குதிரைச் சக்திக்கு நூற்றுப்பதினாறு ராத்தலுக்கு மேற்பட்ட பாரம் என்னும்போது காற்றை வெல்லுதல் எங்ஙனம்?

இதை அவர் உணர்ந்தும் விட்டாரில்லை. 1855இல் கப்ரியேல் யோன் என்பவருடன் இன்னும் நீண்ட கப்பல் ஒன்றில் ஏறினார். இறங்கும்போது வாயு ஒருபுறம் திரண்டு பை நட்டமாக நிமிர்ந்து வலையினின்று நழுவிற்று. தரையை அணுகிய வேளையாதலின் இருவரும் சிறு காயத்துடன் பிழைத்தனர். அடுத்து அவர் வகுத்த திட்டம் ஏறத்தாழ 2,000 அடி நீளமும் 100 அடி விட்டமும் உடைய ஒரு மலைப்பாம்பு! பை பெரிதாகப் பெரிதாகச் சுமக்கும் திறன் காற்றின் தடையினும் விரைந்து வளரும் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரியே; ஆனால் அதற்கு வேண்டும் பொருளை எவர் கொடுப்பர்? அவர் நண்பர் இருவரும் இளமையிலேயே இறந்துபட்டனர். கடனும் இருந்தது.

இனிச் சொல்லப்புகுவது வானத்தைப் பற்றியதன்று, புகைவண்டியைப் பற்றியது. ஜிபாரைப் போற்றுவார் பலர் இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து போவர். யான் அங்ஙனம் செய்யேன். உலகத்துக்கு அவர் செய்த பேருபகாரம் இதுவே என்பது என் துணிபு.

கொதிகலத்தில் நீர் நீராவியாகிக் குறைந்துகொண்டே வரும். குறைந்த நீரை இட்டு நிரப்பவேண்டும். ஆனால் உள்ளே நீராவி பேரமுக்கத்துடன் நிற்கின்றது; திறந்தால் உள்ளிருப்பதே வெளியே பாயும். எனவே அக்காலத்துப் புகைவண்டிகளில் சக்கரத்தின் அச்சோடு இணைத்த பம்பு ஒன்றால் நீரை உந்தி ஏற்றினர். வண்டி ஓடினாற்றான் பம்பு ஓடும். நிலையத்தில் நெடுநேரம் நின்றால் நீர் ஏறாது. ஆகவே எஞ்சினை வண்டித்தொடரினின்று கழற்றி, வேறு வேலை யாதுமின்றி, தண்ணீர் ஏற்றுவதற்கென்றே முன்னும் பின்னும் ஓட்டுவது வழக்கமாயிருந்தது. நீர் குறைந்து கொதிகலத்தின் தகடு காய்ந்தால் வெடித்துக் கொல்லும். ஓட்டுநருக்கு இது தீராத அச்சம்.

ஜிபார் 1858இல் இதற்கு ஒரு கருவி கண்டார். ஆங்கிலத்தில் இன்ஜெக்டர் என வழங்கும் அதனை நீரூட்டி எனலாம். அதில் அசையும் பம்பில்லை, தண்டில்லை, சக்கரமில்லை. கொதிகலத்து நீராவியே ஒரு குறுகிய கூம்பின் வழியே மிக்க விரைவுடன் பாய்கிறது. பாயும்போது தொட்டியிலுள்ள குளிர்ந்த நீரை இழுத்துக்கொள்கிறது. குளிர்நீரிற் பட்ட நீராவி நீராகிச் சுருங்குகிறது; தன் வேகத்தையோ அந்நீருக்கு ஈந்துவிடுகிறது. இவ்வாறு வேகங்கொண்ட நீர்த்தாரை பின்னர் விரிந்து செல்லும் கூம்பினுட் புகுகிறது. அங்கே வேகம் தணியத் தணிய அமுக்கம் மிகுகிறது. கொதிகலத்து அமுக்கத்தினும் மிகுகிறது. அடைப்பானைத் தள்ளிக்கொண்டு நீர் உள்ளே செல்கிறது.

கொதிகலத்திலிருந்து வந்த நீராவியே அந்தக் கொதிகலத்தின் அமுக்கத்தை வென்று நீரை உட்செலுத்துவதா? இஃது ஒருவன் தன் குடுமியைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்றதன்றோ? கற்ற பொறியியலாரும் அன்று இவ்வாறே மருண்டனர். மாயம் ஒன்றுமில்லை. நீராவி தன்னுள் வைத்திருந்த வெப்பத்தின் ஒரு சிறு பகுதியே இவ்வேகமாயிற்று. எஞ்சிய வெப்பம் உட்செல்லும் நீரைச் சூடாக்கி மீண்டும் கொதிகலத்துக்கே திரும்பிற்று. இழப்பு மிகச் சிறிதே. வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்னும் புதிய கொள்கையைப் புத்தகத்திற் படித்தும் நம்பாதார், இக்கருவியைக் கண்ணாற் கண்டு நம்பினர். பாடம் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இதனினும் சிறந்த உபகரணம் ஒன்று தோன்றவில்லை.

பாரிஸில் பிளோ என்பவர் தொழிற்சாலையும், இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனியும், அமெரிக்காவில் பிலடெல்பியா வில்லியம் செல்லர்ஸ் கம்பெனியும் இதனைச் செய்து விற்றன. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் யந்திர சாஸ்திரத்துக்குரிய பரிசை ஜிபாருக்கு வழங்கிற்று. சில ஆண்டுகளில் இருப்புப்பாதை உள்ள தேசமெல்லாம் இக்கருவி பரவிற்று. நம் நாட்டில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தும் அவற்றின் கொதிகலங்களுக்கு நீரூட்டியது இக்கருவியின் வழிவந்ததே. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் பாதையில் நீராவி எஞ்சினை இன்றும் காணலாம். அவ்வழிச் செல்லும் அன்பர் சாரதியிடம் நயமாகக் கேட்டுத் தம் சிறாருக்கு நீரூட்டியைக் காட்டுவாராக.

உரிமைப் பத்திரத்தின் வருவாயால் ஜிபார் பெருஞ்செல்வரானார். கடன் தீர்ந்தது. இந்நிலையில் வேறொருவராயின் மாளிகை கட்டி ஓய்ந்திருப்பர். இவரோ நீரூட்டி ஈட்டிய பொருளை மறுபடியும் வானத்துக்கே செலவிட்டார். ஆனால் இம்முறை தாம் மட்டும் ஏறுதற்கன்று, ஊராரை ஏற்றுதற்கு.

1867இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியின்போது, நீராவிப் பொறியால் சுற்றப்படும் கயிற்றிற் கட்டிய கூண்டு ஒன்றை அமைத்தார். கயிறு அவிழ அவிழக் கூண்டு எழும். சுற்றச் சுற்ற இறங்கும். காற்றின் போக்கில் எங்கேனும் போய் விழுவோமோ என்னும் அச்சமில்லை. அடுத்து லண்டன் மாநகரில் அதனினும் பெரிய கூண்டு ஒன்றை நிறுவினார். யாவற்றினும் பெரிதும் புகழ்பெற்றதும் 1878ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கெனக் கட்டப்பட்டதே.

அது நின்ற இடத்தைச் சொல்லவேண்டும். 1871இல் உள்நாட்டுக் கலகத்தில் எரியுண்ட துய்லெரி அரண்மனையின் சுவர்கள் அப்பொழுதும் கூரையின்றிக் கரிந்து நின்றன. அரசர் வாழ்ந்த அவ்வரண்மனையின் முற்றத்திலே, துணியும் ரப்பருமாகப் பல அடுக்குச் சேர்த்துத் தைத்த 118 அடி விட்டமுள்ள உருண்டை ஒன்று வெண்ணிறத்துடன் எழுந்தது. உள்ளடங்கிய ஹைட்ரஜன் வாயு ஏறத்தாழ 8,80,000 கன அடி. கந்தகத் திராவகத்தை இரும்பின்மேற் செலுத்தி அவ்வாயுவை அங்கேயே உண்டாக்கினர். வளையம்போன்ற தொட்டிலில் ஏறத்தாழ நாற்பது பேர் ஒருங்கே நிற்கலாம். கூண்டு 1,600 அடிக்குமேல் எழும். அப்பருவத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் ஏறி இறங்கினர். ஒருவருக்கும் தீங்கு நேர்ந்திலது.

இது வேடிக்கைதானே, இதிற் கல்வி யாது எனின், கூறுவேன். வாயுவை உண்டாக்கும் கலங்களைக் கண்டான் ஒருவன் இரசாயனம் கற்றான். கயிற்றின் இழுவிசையைக் காட்டும் முள்ளைக் கண்டவன், மேலே செல்லச் செல்லக் கயிற்றின் பாரமும் கூண்டின்மேல் ஏறுவதை உணர்ந்தான். பாரமானியின் இறக்கத்தால் உயரம் அறியப்படுவதைத் தன் கண்ணாற் கண்டான். கடைக்காரனும் தையற்காரியும் பெற்ற இக்கல்விக்குப் பள்ளியில்லை, தேர்வில்லை. கட்டணம் இருந்தது என்பது மெய்யே. தொழில் நடத்தத் தெரிந்தவர் ஜிபார். வந்த பொருளை வீணாக்கினாரில்லை. 1879இல் காற்றினால் அப்பெருங்கூண்டு கிழிந்துபட்டது.

அக்கூண்டைப் பற்றிப் பொதுமக்களுக்கென நூல் எழுதியவர் கஸ்டோன் திஸாந்தியே என்னும் இரசாயன ஆசிரியர். 1873இல் 'லா நத்யூர்' என்னும் விஞ்ஞான வாரப் பத்திரிகையைத் தொடங்கி, எளிய நடையிலும் அழகிய சித்திரங்களாலும் பிரெஞ்சு இல்லங்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுசென்றவர் இவர். பாரிஸ் முற்றுகையுண்ட 1870இல் பகைவர் தலைக்குமேல் கூண்டேறிக் கடிதங்களுடன் வெளிச்சென்றவரும் இவரே. 1875 ஏப்ரல் 15ஆம் நாள் 'ஸெனித்' என்னும் கூண்டில் நண்பர் இருவருடன் 28,000 அடி உயரம் சென்றபோது, உயிர்வாயு குறைந்து நண்பர் இருவரும் இறந்தனர். இவர் மட்டும் செவிப்புலன் கெட்டு மீண்டார். ஜிபாருடைய நட்பும் உதவியும் இத்தகையவர்க்கே கிடைத்தன. செல்வர் பலர் தம்மைப் புகழ்வார்க்குக் கொடுப்பர். இவர் தம்மினும் துணிந்து ஆராய்வார்க்குக் கொடுத்தார்.

இவருடைய முடிவு துன்பமானது. அதனை மறைத்து எழுதுதல் வரலாறாகாது. இறுதிக்காலத்தில் கண்ணொளி மங்கிற்று. கையால் வரைந்து கண்ணால் அளந்து வாழ்ந்தவருக்கு அது பேரிழப்பு. மனம் நொந்து, எவரையும் காணாது தனித்திருந்தார். 1882 ஏப்ரலில், ஐம்பத்தேழாம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அதனை யான் போற்றேன், பழியேன். அவ்வேளையில் அவர் அருகே உரையாடி இருப்பார் ஒருவர் இலராயினரே என்பதே என் வருத்தம்.

அவர் எழுதிவைத்த மரணசாசனத்தைக் கண்டோர் வியந்தனர். செல்வத்தின் பெரும்பகுதியைப் பிரெஞ்சு தேசத்துக்கே, விஞ்ஞானத்துக்கும் மக்கள் நலத்துக்கும் பயன்படுத்துமாறு விடுத்திருந்தார். கற்றோர் கழகங்களுக்கும், பாரிஸ் நகரத்து ஏழையருக்கும், தம்மிடம் உழைத்தவர்க்கும் பங்கிட்டிருந்தார். பொறியியலார் சங்கம் ஒன்று அவர் பெயரால் பரிசு வழங்கலாயிற்று.

அவர் கேட்டுவைத்த இரண்டாம் கேள்விக்கு விடை அவர் மறைந்தபின் வந்தது. 1883 அக்டோபரில் திஸாந்தியேயும் அவர் தமையனும் மின்சாரப் பொறி பூட்டிய ஆகாயக்கப்பலில் எழுந்தனர்; காற்று மெல்லியதாயிருந்தபோது அதற்கு எதிர் நின்றனர். 1884 ஆகஸ்ட் 9ஆம் நாள் ரெனார், கிரெப்ஸ் என்னும் சேனாவீரர் இருவர் 'லா பிரான்ஸ்' என்னும் மின்சாரக் கப்பலில் ஐந்து மைல் அளவு வட்டமிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே வந்திறங்கினர். ஜிபார் ஹிப்போட்ரோமில் எழுந்து அன்றைக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகவிருந்தன.

1889இல் ஈபெல் கோபுரம் எழுந்தபோது, பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானியரும் பொறியியலாருமாகிய எழுபத்திருவர் பெயர்கள் அதன் முதல் மாடத்தின் கீழே நாற்புறமும் பொறிக்கப்பட்டன. அவற்றுள் ஜிபார் என்பதும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயர்களின்மேல் வர்ணம் பூசி மறைத்துவிட்டனர். 1986, 1987ஆம் ஆண்டுகளில் அவற்றை மீண்டும் வெளிப்படுத்தினர். பாரிஸ் செல்லும் அன்பர் கீழே நின்று அண்ணாந்து நோக்கின் அப்பெயரைப் படிக்கலாம்.